இருபதாவது பேர்

— சண்டை நடக்கற நாட்டுலேருந்து நம்ம ஆளுங்க எல்லாரும் வந்துட்டாங்கன்னு டிவியில சொல்றாங்களே சார், அப்புறம் என் தம்பி மட்டும் எங்கே?

— எல்லாரும்னா, பட்டியல்ல மிஞ்சின எல்லாரும்மா.

— அவனும் பட்டியல்லதானே இருந்தான்! இதே கவுன்டர்ல நின்னு நான்தானே ஃபாரம் எழுதிக் குடுத்தேன். நீங்கதானே முத்திரை குத்தினீங்க. வெல்டர், வயசு இருபத்தொன்பது. ஞாபகம் இல்லையா?

— இருக்கும்மா. உக்காருங்க.

— உக்காரவா நாலு நாளா வர்றேன்? மந்திரி பூச்செண்டு குடுக்கறாரு, ஒவ்வொரு மூஞ்சியா பாத்தேன். கண்ணு பூத்துப் போச்சு.

— பாருங்கம்மா, நான் மழுப்ப மாட்டேன். சண்டையை ஆறு மணி நேரம் நிறுத்த ரெண்டு பக்கமும் ஒத்துக்கிட்டாங்க. நம்ம ஆளுங்க கால்ல விழாத குறையா கேட்டு வாங்கினது. அதுக்குள்ள ஒரே ஒரு பஸ், நாப்பத்தாறு சீட்டு. உங்க தம்பி இருபதாவது பேரு.

— இருபதாவதா? அப்ப ஏத்தியிருக்கணுமே!

— பஸ் எங்கே நிக்குதுன்னு போன்லதான் சொல்வாங்க. முன்னாடியே சொன்னா அங்கேயே குண்டு விழும். மூணு தடவை கூப்பிடுவாங்க. எடுக்கலைன்னா சீட்டு அடுத்த பேருக்குப் போயிடும்.

— அவன் போன்ல சார்ஜ் நிக்காது சார். காலையில அஞ்சு நிமிஷம், சாயங்காலம் அஞ்சு நிமிஷம்தான் போடுவான். எனக்குச் சேதி வந்தா அவன்கிட்ட சொல்லிடலாம்னுதானே ஃபாரத்துல என் நம்பரைப் போட்டேன்.

— உங்க நம்பருக்குத்தான் கூப்பிட்டிருக்காங்க.

— பொய்! உங்க ஆபீஸ் நம்பர் எனக்கு மனப்பாடம். குளிக்கப் போனாக்கூட போன் சோப்பு டப்பா பக்கத்துலயே இருக்கும். வரவே இல்லை.

— இங்கேருந்து இல்லம்மா. அங்கே இருக்கிற நம்ம தூதரகத்துலேருந்து. நேத்து காலையில ஏழு, ஏழேகால், ஏழரை. நீளமான நம்பரா வந்திருக்கும்... அம்மா? என்னாச்சு?

— அது... ஏமாத்துக்காரன்னு நெனச்சேன் சார். முந்தாநாள் அப்படித்தான் ஒருத்தன் நீள நம்பர்லேருந்து, உன் தம்பியை எல்லை தாண்டிக் கூட்டிட்டு வர்றேன், பாஸ்போர்ட் நம்பரைச் சொல்லுன்னான்.

— அதனால எடுக்கலையா?

— கட் பண்ணேன். மூணு தடவையும் என் கையாலயே கட் பண்ணேன். பாவி நான், படுபாவி!

— தண்ணி குடிங்கம்மா.

— தண்ணி கிடக்கட்டும். அடுத்த பஸ் எப்போ? சீட்டே வேணாம், நின்னுக்கிட்டே வருவான்.

— அடுத்த பஸ் இல்லை. தூதரகத்தை மூடிட்டாங்க. இந்த கவுன்டரும் இன்னியோட சரி. முயற்சி தொடருதுன்னு நாளைக்கு ஒரு அறிக்கை வரும். அதை டைப் அடிச்சதே நான்தான். அதை நம்பி இருக்காதீங்க.

— ஐயோ, போன்! அவன்தான். என்ன சார் சொல்வேன் இப்ப?

— முதல்ல எடுங்கம்மா. அஞ்சு நிமிஷம்தானே.

— ஸ்பீக்கர்ல போடறேன், நீங்களும் கேளுங்க... டேய்! தம்பி!

— அக்காவ்! உயிரோடதான் இருக்கேன், கத்தாதே. ஒரு ரொட்டி கெடைச்சுது, கடிச்சா பல்லு போயிடும் போல. வந்ததும் நீதான் எனக்குப் பல்லு கட்டி விடணும். பஸ் சேதி வந்துச்சா?

— இன்னும்... வரலைடா.

— வரும், வரும். கூப்பிட்ட உடனே ஓடணுமேன்னு ஷூவோடதான் தூங்கறேன். கட்டடத்துல பாதி போச்சு, மாடிப்படி மட்டும் நிக்குது.

— தம்பி, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்டா...

— அப்புறம் சொல்லுக்கா, சார்ஜ் போகுது. நான் சொன்னபடி கேட்டுக்கிட்டு இருக்கேல்ல? தெரியாத நம்பர் எது வந்தாலும் எடுக்காதே, லைனை எனக்காகக் காலியா வை.