கத்தாமல் பாடுகிறவர்

வேங்கிக்கால் நிறுத்தத்தில் பஸ் ஏறிய இரண்டு பெண்களும் திருவிழா ஆர்க்கெஸ்ட்ராவில் பாடுகிறவர்கள் என்பது பேச்சில் தெரிந்தது.

“பக்கத்துல குழந்தை தூங்கற மாதிரி பாடறாங்க அந்தம்மா” என்றார் மூத்தவர்.

“யாரு, அக்கா?”

“ஆசிரமத்து பக்கம் காபி கடையில போடறாங்களே, அந்தக் காலத்து அமெரிக்கா ஜாஸ் பாட்டு, அதைப் பாடற அம்மாதான். பின்னாடி அத்தனை பேரு ட்ரம்பெட் ஊதறான். இவங்க கத்தறதே இல்ல. அவனுங்கதான் அடங்கி வாசிக்கறானுங்க.”

“நீயும் அப்படிப் பாடேன்க்கா. தொண்டை போயிடும், கத்தாதேன்னு டாக்டரு சொன்னாரு இல்ல?”

“பாடினேனே, போன வாரம் கூழ் ஊத்தற திருவிழாவுல. மைக் ரிப்பேர்னு நெனச்சு மைக்செட்காரர் வேற மைக் எடுத்துக்கினு ஓடியாந்தாரு.”

“அப்புறம்?”

“அதுலயும் அப்படியேதான் பாடினேன். உடனே பென்டிரைவ்ல பாட்டைப் போட்டுட்டு, என்னை வாய மட்டும் அசைக்கச் சொன்னாங்க. கடைசியில, நல்லா பாடினேன்னு சால்வை போத்தினாங்க.”