ஈட்டிக்காரனுக்குக் கொடுத்த குழல்

என் இரண்டு காதுகளின்மீதும் சத்தியமாகச் சொல்கிறேன் ஐயா, இனி வருவதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. சினிமாப் பின்னணி இசைக்கு, வாத்தியக்காரர்கள் பார்த்து வாசிக்கும் தாள்களை எழுதிக் கொடுத்துப் பிழைப்பவன் நான். சத்தியம் செய்யத் தகுந்த சொத்து என்னிடம் காதைத் தவிர வேறில்லை.

தயாரிப்பாளர் என்ற முறையில் நீங்கள் புல்லாங்குழல்காரரைக் கூப்பிட்டு மிரட்டியதாகக் கேள்விப்பட்டேன். அவரை விட்டுவிடுங்கள். நான் எழுதிக் கொடுத்ததை வாசிப்பார், வாசித்துவிட்டு டீ குடிப்பார். உங்கள் கதாநாயகனை ஒழித்துக்கட்டியது நான்தான். ஆற அமரச் சொல்கிறேன்.

எல்லாம் என் குடையில் ஆரம்பித்தது. என் மாப்பிள்ளை நடிகர். நடிகர் என்றால், உங்கள் மாயாஜாலப் படத்தில் அரசியின் சபையில் மூன்றாம் வரிசையில் ஈட்டி பிடித்து நிற்கிறவர். வசனம் கிடையாது. அப்படி நிற்பதற்குத்தான் என் குடையை ஈட்டியாக ஊன்றிக்கொண்டு, டிவியை மறைத்தபடி கூடத்தில் நாள் முழுக்கப் பழகுவார்.

“கொஞ்சம் நகந்து நில்லுங்க மாப்பிள்ளை” என்பேன்.

“காவல்காரன் நகரக் கூடாது மாமா” என்பார்.

வீடே இடிந்தாலும் அந்த முகம் மாறாது. நல்ல உலர்ந்த மரம் என்று நான் எப்போதோ தீர்மானித்துவிட்டேன்.

இந்தப் படத்திலும் தன்னை யாரும் கவனிக்காவிட்டால் நடிப்பை மூட்டை கட்டிவிட்டுச் சித்தப்பாவின் டயர் கடைக்குப் போய்விடுவதாக அவர் என் மகளிடம் சொல்லியிருந்தார். அவள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே என்னிடம் வந்தாள்.

“அப்பா, அவரு ஹீரோவாக வேண்டாம். அவரு நிக்கிறத யாராவது ஒரு தடவை திரும்பிப் பாக்கணும். அவ்வளவுதான்.”

அவ்வளவுதானே என்று நினைத்தேன்.

மாயாஜாலப் படத்தில் பாதிக் கதையை வாத்தியம்தான் சொல்லும், உங்களுக்குத் தெரியாததில்லை. சூனியக்காரி வாசல்படி மிதிக்குமுன்னே வயலின்கள் பல்லைக் கடிக்கும். டிராகன் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும்போதே டூபா என்கிற அந்தப் பித்தளைப் பூதம் உறுமத் தொடங்கும். காணாமல்போன இளவரசனுக்கு ஒரு சின்னக் குழல் மெட்டு. அரசி தொட்டிலை ஆட்டியபடி முனகுவது அது. குழந்தையை ஆற்றோடு விடும் இடத்தில் பாதியில் அறுந்துபோகும். அவன் வளர்ந்து வாளைத் தூக்கும்போதுதான் முழுதாகத் திரும்பி வரும். நடுவில் அந்த மெட்டு எவன் தலைக்குமேல் கேட்கிறதோ, அவன் பிச்சைக்காரனாக இருந்தாலும் ராஜா வீட்டுப் பிள்ளைதான். யாரும் எடுத்துச் சொல்ல வேண்டாம், காது தானே முடிச்சுப் போட்டுக்கொள்ளும்.

இசையமைப்பாளர் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நாற்காலியில் கண்ணை மூடி யோசிப்பவர். யோசனை குறட்டையாக முற்றியதும் வேலையைத் தொடங்கினேன். நாயகன் காட்டில் திரியும் இடங்களிலிருந்து குழலை உருவினேன். ஈட்டிக்காரன் தெரியும் இடங்களிலெல்லாம் அதைச் சொருகினேன். நாயகனை வெறுங்கையோடு விட மனம் வரவில்லை, டூபாவில் கொஞ்சம் கொடுத்தேன்.

ஒலிப்பதிவின்போது குழல்காரர் மட்டும் திரையை நிமிர்ந்து பார்த்துவிட்டார். “யோவ், இவன் ஈட்டி தூக்கறவன்யா. இவனுக்கு எதுக்கு ராஜா வீட்டுத் தாலாட்டு?”

“எழுதினத வாசி.”

“வாசிக்கிறேன். ஆனா, பய நல்லா நிக்கிறான்யா.”

தானே வாசித்துத் தானே மயங்கிவிட்டார். கலைஞர்களிடம் இது ஒரு பலவீனம்.

வெளியிடுமுன் ஆட்களை வரவழைத்துப் படத்தைப் போட்டுக் காட்டினீர்களே, அன்று நானும் மகளும் கடைசி வரிசையில் இருந்தோம். மாப்பிள்ளை வரவில்லை. டயர் கடைக்குப் போட்டுக்கொண்டு போகச் சட்டை தேய்த்துக்கொண்டிருந்தார். திரையில் அரசி இறந்தாள். சபையே மார்பில் அடித்துக்கொண்டு அழுதது. மாப்பிள்ளை ஈட்டியைக் கொஞ்சம் சாய்த்தார், வேறொன்றும் செய்யவில்லை. எனக்குக் குழல் தெளிவாகக் கேட்டது. பக்கத்து இருக்கை அம்மாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “பெத்த பிள்ளைதான் இப்படி நிப்பான்” என்று கணவரிடம் சொன்னார். மெட்டு வேலை செய்கிறது என்று மகளின் காதில் சொன்னேன். அவள் அழுதுகொண்டிருந்தாள்.

முடிவில் நாயகன் வாளைத் தூக்கித் தான்தான் இளவரசன் என்று முழங்கினார். யாரோ இருமினார்கள். பிறகு நடுவரிசையிலிருந்து ஒரு குரல், தப்பான பஸ்ஸில் ஏறியவரிடம் சொல்வது போலச் சாந்தமாக, “நீ இல்லப்பா. அந்த ஈட்டிக்காரன்” என்றது. அரங்கமே ஆமாம் போட்டது.

மற்றது உங்களுக்கே தெரியும். இயக்குநர் முடிவை மாற்றி எடுத்தார். கிரீடம் என் மாப்பிள்ளை தலைக்கு வந்தது. நாயகனை முதல் பாதியிலேயே டிராகன் சாப்பிட்டுவிடுகிறது. அவரில் மிச்சம், அதன் கடைவாயில் தொங்கும் ஒரு காலணி. அதற்கும் மெட்டு எழுதச் சொன்னார்கள். முக்கோண மணியில் ஒரு தட்டு எழுதினேன். மரியாதைக் குறைவாகப் பட்டதால் இரண்டாக்கினேன். நாயகனாக நடித்தவர் வீட்டுக் கதவைத் திறப்பதில்லையாம், இசையில் சதி என்று உள்ளிருந்தே கத்துகிறாராம். சரியாகத்தான் சொல்கிறார். எனக்கு ராத்திரி நன்றாகத் தூக்கம் வருகிறது.

மாப்பிள்ளை தனிவீடு பார்த்துப் போய்விட்டார். போகும்போது குடையைத் திருப்பித் தந்து, “எல்லாம் உங்க ஆசீர்வாதம் மாமா” என்றார். ஆசீர்வாதம் இல்லை, குழல் என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டேன். நீங்களும் அவரிடம் சொல்லிவிடாதீர்கள் ஐயா. தன் திறமையால் வந்ததென்று நம்பிக்கொண்டிருக்கிறார், பாவம்.

எதையும் மறைப்பதில்லை என்று காதைத் தொட்டுச் சொன்னவன் நான். ஆகையால் ஒலிக்கலவை செய்பவர் நேற்று சொன்ன ஒரு சில்லறை விவரத்தையும் சேர்த்துவிடுகிறேன். அன்று அரங்கில் ஓடியது, பின்னணி இசை இன்னும் சேர்க்கப்படாத பிரதி.