பெயருக்கு முன் ஒரு சிறு கோடு

டீ வேண்டாம் சார், தண்ணீர் போதும். மத்தியானத்துக்கு மேல் டீ குடித்தால் எனக்கு நெஞ்சு கரிக்கும்.

என் பெயர் ஜெனித். கடியப்பட்டணத்தில் வீட்டிலிருந்தே மென்பொருள் எழுதுகிறவன். ஏழு வருடங்களுக்கு முன் ஒரு சிறு நிரல் எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று இணையத்தில் வைத்தேன். குரல் பதிவைக் கொடுத்தால் எந்த போனிலும் கேட்கும்படி மாற்றித் தரும். மாற்றுகிற வேலையைச் செய்வது வேறொருவர் எழுதிய நிரல். என்னுடையது பதிவின் பெயரை அதனிடம் சொல்லி வேலை வாங்கும், அவ்வளவுதான். பல நாடுகளில் பயன்படுத்தினார்கள். எங்கள் ஊரில் கடல் எச்சரிக்கையை மீன்பிடி வள்ளக்காரர்களின் போனுக்கு அனுப்புவதற்கும் நானே அதைப் பொருத்திக் கொடுத்தேன்.

அக்டோபரில் ஷிஜின் வீட்டுக்கு வந்தான். எங்கள் ஊரில் வள்ளத்தில் மீன்பிடிக்கப் போகிற சிலுவைதாசன் அண்ணனின் மகன். நாகர்கோவிலில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறான்.

"அண்ணே, பதிவோட பேரு ஒரு சின்னக் கோட்டுல தொடங்கிச்சுன்னா, அந்த நிரல் அதப் பேருன்னு எடுக்காது, கட்டளைன்னு எடுத்துக்கிடும். கெட்ட எண்ணத்தோட ஒருத்தன் பேரு வச்சா உள்ள இருக்கது எல்லாத்தயும் அழிச்சிரலாம். தெரியாம வச்சாலும் எல்லாம் நின்னுரும். மெயில்லயும் எழுதியிருக்கேன்."

அவன் சொன்னது சரி. திருத்த ஒரே வரி போதும். பெயருக்கு முன்னால் இரண்டு கோடு சேர்த்தால், இனி வருவது பெயர்தான் என்று அந்த நிரல் புரிந்துகொள்ளும்.

நான் திருத்தவில்லை. அப்போது எனக்கு வேலை போய் இரண்டு வருடம். அறுபத்தொரு இடத்துக்கு விண்ணப்பித்திருந்தேன். மனைவி பள்ளிக்கூடத்திலிருந்து வருவாள், என் முகத்தைப் பார்ப்பாள், எதுவும் கேட்காமல் சமையலறைக்குப் போவாள். கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அந்த நிலையில் ஒரு வெளிநாட்டுக் கம்பெனி, இந்த நிரலை எழுதியவன் என்பதற்காகவே என்னைக் கூப்பிட்டது. அதில் பாதுகாப்புக் குறை ஏதும் உண்டா என்று கேட்டார்கள். இல்லை என்று எழுதிக் கொடுத்த மூன்றாம் நாள் ஷிஜின் வந்தான். திருத்தினால் திருத்தம் அந்தக் கம்பெனி உட்பட எல்லோர் கண்ணிலும் படும்.

"ரெண்டு மாசம் பொறு மக்கா. யார்ட்டயும் சொல்லாத," என்றேன். அவன் என்மேல் மரியாதை வைத்திருந்தவன். பொறுத்தான்.

நவம்பரில் அந்த வெள்ளிக்கிழமை, பிற்பகல் இரண்டு ஐம்பதுக்கு பிரிஜா போன் செய்தாள். எச்சரிக்கைகளைப் பேசிப் பதிவு செய்து அனுப்புகிற பெண்.

"அண்ணே, மெசேஜ் போவல்ல. பெருங்காத்து வருதுன்னு இப்பத்தான் அறிவிப்பு வந்துது. மூணு மணிக்கு வள்ளம் இறக்கிருவாங்க. நான் கடப்புறத்துக்கு ஓடிப்போய்ச் சொல்லட்டா?"

வீட்டிலிருந்தே, எச்சரிக்கை அனுப்பும் ஊர்க் கணினிக்குள் போய்ப் பார்த்தேன். எல்லோரும் கவனிக்கட்டும் என்று பதிவின் பெயரில் 'அவசரம்' என்று எழுதி, இருபுறமும் கோடு போட்டு வைத்திருந்தாள். கோட்டை எடுத்துவிட்டு மறுபடி அனுப்ப ஒரு நிமிடம் போதும்.

ஆனால் உடனே அனுப்பினால், ஏன் நின்றது என்று ஊர் கேட்கும். நான் தடயத்தை மாற்றுவதற்குள் ஷிஜின் சொல்லிவிடுவான். அவள் கரைக்கு ஓடினாலும் அதே கேள்விதான் வரும்.

"வேண்டாம் பிள்ளே. இப்பம் சரியாயிரும். நீ அங்கேயே இரு," என்றேன்.

முதலில் அந்த ஒரு வரியைத் திருத்தினேன். திருத்தத்தின் தேதியை செப்டம்பருக்கு மாற்றினேன். எழுதுகிறவனே மாற்றிக்கொள்ளலாம், பலருக்குத் தெரியாது. ஷிஜினின் மெயிலை அழித்தேன். ஊர்க் கணினியின் பதிவேட்டில், அவன்தான் புகுந்து எதையோ சோதித்துப் பார்த்தான் என்பதுபோல அவன் பெயரில் நான்கு வரிகள் எழுதி வைத்தேன். நடுவில் பிரிஜா இரண்டு முறை கூப்பிட்டாள். இரண்டு முறையும் அதே பதிலைச் சொன்னேன். அவளுக்குக் கணினி சொல்லிக் கொடுத்தவன் நான். நம்பினாள்.

மூன்று நாற்பதுக்கு எச்சரிக்கை போனது. பதினொரு வள்ளங்கள் திரும்பி வந்தன. இரண்டு வள்ளங்கள் அதற்குள் டவர் எட்டாத தூரத்துக்குப் போயிருந்தன. அவற்றில் இருந்த ஏழு பேர் திரும்பவில்லை. அதில் ஒருவர் சிலுவைதாசன் அண்ணன். அவர் உடல் மட்டும் கிடைத்தது.

அடக்கத்துக்குப் போனேன். நான் எழுதி வைத்த நான்கு வரிகளை ஊர் நம்பியிருந்தது; கல்லறைத் தோட்டத்தில் ஷிஜினை யாரும் பக்கத்தில் விடவில்லை. "அப்பன முழுங்குன பய" என்று யாரோ சொன்னார்கள். அவன் என்னைத்தான் பார்த்தான். "அண்ணே, நீங்களாவது சொல்லுங்க," என்றான். நான் அவன் தோளைத் தொட்டுவிட்டு வந்தேன். திங்கட்கிழமை கம்பெனியின் வேலைக் கடிதம் வந்தது. என் மனைவி ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்தாள்.

அந்த மெயிலின் நகலை அவன் உங்களிடம் தந்துவிட்டான் என்கிறீர்கள். சரி. நான் எதையும் மறுக்கவில்லை. தெரிந்தேதான் செய்தேன். அந்த ஐம்பது நிமிடமும் வள்ளங்கள் எங்கே போய்க்கொண்டிருக்கின்றன என்று எனக்குத் தெரியும்.

ஒன்று மட்டும் பார்க்க வேண்டும் சார். என் இடத்தில் வேறொருவன் இருந்திருந்தால் பயந்துபோய், அன்று எச்சரிக்கையையே அனுப்பாமல் விட்டிருப்பான். நான் அனுப்பினேன். பதினொரு வள்ளங்கள் என்னால்தான் கரை சேர்ந்தன. அதையும் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.