எண்ணெய்க் கொட்டிலுக்கு ஆர் கயிறு கட்டுவாங்க

கலாஜினி: கூரை இருக்கு. நாலு தூணும் இருக்கு. ‘இங்கே புகைத்தல் கூடாது’ எண்டு பலகையும் தொங்குது. எண்ணெய் எங்க அண்ணன்?

உதயரூபன்: நீங்க முதல்ல இந்தக் கதிரையில இருங்க மிஸ். டவுனில இருந்து இந்தச் சேத்துக்குள்ளால தன்னாமுனைக்கு வந்திருக்கீங்க. இவள் என்ட பெஞ்சாதி. வதனி... மிஸ்ஸுக்குத் தேத்தண்ணி.

கலாஜினி: தேத்தண்ணி பொறகு. மீனவர் சங்கத்து எண்ணெய்க் கொட்டில் இதுதானே? பொறுப்பாளர் உதயரூபன் நீங்கதானே?

உதயரூபன்: ஓம்... ரெண்டும் சரி.

கலாஜினி: புது வருஷத்துக்கும் உங்கட அனுமதிய நீட்டுறதா, வெட்டுறதா எண்டு எங்கட சுற்றாடல் கந்தோரில முடிவெடுக்கணும். பாத்துச் சொல்ல என்னை அனுப்பியிருக்காங்க.

உதயரூபன்: வெட்டிராதீங்க மிஸ். சண்டைக்குள்ள ஒரு போத்தல் எண்ணெய்க்கும் அனுமதித் துண்டு வேணும், ஒப்பம் வேணும். மே மாசம் சண்டை முடிஞ்ச பொறகுதான் சங்கத்து ஆக்கள் இஞ்சின் பூட்டித் தொழிலுக்குப் போறாங்க. இந்தக் கொட்டில் மூடினா அவ்வளவு இஞ்சினும் கரையில.

வதனி: இவரும் கரையில. சங்கம் இவர அண்டைக்கே தூக்கிரும்.

கலாஜினி: அதுதான் கேக்கிறன். மண்ணெண்ணெய் மூணு பீப்பா வெச்சிருக்க அனுமதி தந்த. அந்த மூணும் எங்க?

உதயரூபன்: வித்து முடிஞ்சி.

கலாஜினி: வெள்ளம் வந்த நாளில இருந்து ஒரு இஞ்சினும் இறங்கல்ல எண்டு வழியில சொன்னாங்களே. ஆருக்கு வித்த?

உதயரூபன்: விளக்குக்கு வாங்கின சனம்...

கலாஜினி: மூணு பீப்பாவும் விளக்குக்கா?

வதனி: இவடத்த சனத்துக்கு இருட்டெண்டா சரியான பயம் மிஸ்.

உதயரூபன்: நீ தேத்தண்ணிய ஊத்து.

கலாஜினி: சரி, வித்துட்டீங்க. வெறும் பீப்பா எங்க?

உதயரூபன்: கழுவக் குடுத்த.

கலாஜினி: எங்க கழுவுறாங்க? வாவியிலயா? எண்ணெய்ப் பீப்பாவ வாவியில கழுவினா அதுக்கே வழக்குப் போடலாம், தெரியுமா?

உதயரூபன்: இல்ல மிஸ்... கழுவல்ல. கழுவுவம் எண்டு ஒரு யோசனை இருந்த.

வதனி: இவருக்கு நிறைய யோசனை வரும்.

கலாஜினி: பீப்பாவ விடுங்க. அதச் சுத்தித் தடுப்புக்கட்டு ஒண்டு இருக்கணுமே. பீப்பா வெடிச்சாலும் உள்ள எண்ணெய் முழுக்க அதுக்குள்ளயே நிக்கணும், ஒரு சொட்டும் வாவிக்குப் போகப்படாது. அதுதானே சட்டம். அந்தக் கட்டு எங்க?

உதயரூபன்: அது... கொஞ்சம் இடம் மாறியிருக்கு.

கலாஜினி: சுவர் எப்படி இடம் மாறும்?

வதனி: சுவர் முந்தி இருந்த மிஸ். உங்கட கந்தோரில இருந்து உங்களுக்கு முதல் வந்த சேர்தான் சரிவராது எண்டு சொல்லிட்டார்.

கலாஜினி: ஏன்?

வதனி: அடியில ஓட்டையாம்.

உதயரூபன்: ஓட்டை இல்ல மிஸ், தண்ணி போற வழி. இஞ்ச மதில் கட்டுற எண்டா அடியில வரிசையா வழி விட்டுத்தான் கட்டுவம். இல்லாட்டி மாரி வெள்ளம் மதிலையும் தள்ளிக்கொண்டு போயிரும். மேசன் தன்ட பழக்கத்தில விட்டுட்டான், எனக்கும் அது பிழையாத் தெரியல்ல. சேர் வந்தார், ஒரு வாளி தண்ணிய உள்ளுக்கு ஊத்தச் சொன்னார். அது நாலு பக்கத்தாலயும் வந்து அவர்ட சப்பாத்த நனைச்சிட்டு. இது எண்ணெய மறிக்கிற கட்டா, வழியனுப்புற கட்டா எண்டு கேட்டார்.

கலாஜினி: வழிய அடைச்சிருக்கலாமே.

உதயரூபன்: அடைச்சம். மணல் தரை மிஸ், ஒரு மழைக்குச் சுவர் பிளந்திட்டு. அப்ப சேருக்கும் அலுத்துப் போச்சு. சீமெந்தோ தகரமோ எனக்கு முக்கியமில்ல, ஒழுகாத ஏனம் ஒண்டுக்குள்ள பீப்பாவ வை எண்டு சொல்லிட்டுப் போனார்.

கலாஜினி: என்ன ஏனத்துக்குள்ள வெச்சீங்க?

உதயரூபன்: தேத்தண்ணி ஆறுது மிஸ், குடிங்க.

வதனி: சொல்லுங்களன். மிஸ் எழும்பிப் போற மாதிரித் தெரியல்ல.

உதயரூபன்: வள்ளம் மிஸ்.

கலாஜினி: வள்ளம்.

உதயரூபன்: சுனாமிக்குப் பொறகு ஒரு நிறுவனம் சங்கத்துக்குக் குடுத்த பைபர் வள்ளம். அந்த நேரம் இஞ்ச தபால்காரருக்கும் வள்ளம் குடுத்த. கடலுக்கு அது காணாது, வாவிக்குப் பெரிசு. சும்மா வேலியோரம் கிடந்து, அதுக்குள்ள ஆடுதான் குட்டி போட்டுக்கொண்டு இருந்த. நான் யோசிச்சன்... வெளித் தண்ணிய உள்ளுக்கு விடாத சாமான், உள்ளுக்கு இருக்கிற எண்ணெய வெளிய விடுமா? இழுத்து வந்து கூரைக்குக் கீழ வெச்சு, மூணு பீப்பாவையும் அதுக்குள்ள ஏத்தினன்.

கலாஜினி: சேர் என்ன சொன்னவர்?

உதயரூபன்: திரும்பவும் வாளியால ஊத்தினார். குனிஞ்சு குனிஞ்சு பாத்தார். சப்பாத்து நனையல்ல. அந்த இடத்திலயே அனுமதி தந்து, கையும் தந்துட்டுப் போனார்.

கலாஜினி: நல்ல யோசனைதான்.

வதனி: எல்லாரும் அப்படித்தான் சொன்ன மிஸ். நானும் சொன்னன்.

கலாஜினி: பொறகு?

உதயரூபன்: பொறகு... வெள்ளம் வந்த.

கலாஜினி: ம்.

உதயரூபன்: வள்ளந்தானே மிஸ்.

கலாஜினி: ம்.

உதயரூபன்: மிதந்திட்டு.

கலாஜினி: கட்டி வைக்கல்லையா?

உதயரூபன்: எண்ணெய்க் கொட்டிலுக்கு ஆர் மிஸ் கயிறு கட்டுவாங்க?

வதனி: விடிய எழும்பி விளக்குக்கு எண்ணெய் எடுக்கப் போத்தலோட போறன், கூரைக்குக் கீழ வாவி நிக்குது. ஓடி வந்து இவர உசுப்பி, கடை போயிட்டு எண்டு சொன்னன். அது எங்க போற, அங்கதான் இருக்கும் எண்டு சொல்லிட்டு மற்றப் பக்கம் திரும்பிப் படுத்துட்டார்.

உதயரூபன்: நித்திரையில ஆருக்கு மிஸ் விளங்கும்? விளங்கின உடன எழும்பிட்டன்தானே.

கலாஜினி: தேடல்லையா?

உதயரூபன்: ஏறாவூர் இப்றாஹிம் காக்கா எனக்கு அண்ணன் மாதிரி, அவர்ட தோணியில கரை முழுக்கத் தேடின. ஆரும் கேட்டா எருமை தேடுறம் எண்டு சொன்ன.

வதனி: வாவிக்கு நடுவில.

உதயரூபன்: எருமையும் நீந்தும்தானே. பிரச்சினை என்னெண்டா மிஸ், ஒருத்தர் எங்களுக்கு இரங்கி ஒரு எருமையப் பிடிச்சுக் கட்டி வெச்சிருந்தார். எங்கட இல்ல எண்டா நம்புறார் இல்ல. அது எங்களப் பாத்துக் கத்தின கத்துக்கு, அடையாளம் கண்டுட்டு எண்டு அழுதும் போட்டார். அதத் தோணியில ஏத்தாம வாறதுக்குப் பட்ட பாடு...

கலாஜினி: பொலிசில சொல்லியிருக்கலாமே.

உதயரூபன்: என்னண்டு சொல்லுற? ஆளில்லாத வள்ளம், உள்ளுக்கு மூணு பீப்பா, தன்ட பாட்டில டவுன் பாலத்தப் பாத்துப் போகுது. சண்டை முடிஞ்சு இன்னும் ஒரு வருஷம் ஆகல்ல. காவலில நிக்கிறவன் அதக் கண்டு, ஆ, எண்ணெய்க் கடை போகுது எண்டா நினைப்பான்? அது என்ட எண்டு நான் போய்ச் சொன்னா, பொறகு என்னைத் தேட இவள் தோணி எடுக்கணும்.

வதனி: அதுக்கும் நான் எருமை எண்டுதான் சொல்லணும்.

கலாஜினி: சிரிக்க வைக்காதீங்க தங்கச்சி, தேத்தண்ணி புரையேறும். விஷயம் சிரிப்பில்ல. மூணு பீப்பா எண்ணெய் வாவியில கவிண்டிருந்தா என்ன நடக்கும் எண்டு தெரியும்தானே.

உதயரூபன்: தெரியும் மிஸ். மீன் குஞ்சும் மிஞ்சாது, இறாலும் மிஞ்சாது. நித்திரை இல்லாம அதத்தான் யோசிக்கிறன். மூடி எல்லாம் இறுக்கித்தான் இருந்த. ஆனா நான் எப்படிச் சத்தியம் பண்ற, ஒரு சொட்டும் போகல்ல எண்டு.

கலாஜினி: போகல்ல.

உதயரூபன்: என்ன மிஸ்?

கலாஜினி: ஒரு சொட்டும் போகல்ல. பச்சை வள்ளம்தானே... முன்னுக்கு ஒரு வெள்ளைக்காரக் கொடி கீறியிருக்கு. நடுப் பீப்பாவில ஒரு புனல், கயித்தால கட்டி.

வதனி: புனலக் கட்டியிருக்கீங்க. வள்ளத்தக் கட்டல்ல.

உதயரூபன்: புனல் அடிக்கடி காணாமப் போற சாமான். மிஸ்... நீங்க அத எங்க கண்ட?

கலாஜினி: எங்கட கந்தோருக்குப் பின்னால. வெள்ளத்தோட வந்து பின் மதிலில சாஞ்சு நிண்ட. காவலுக்கு நிக்கிற வோச்சர் கண்டுட்டுக் குண்டு எண்டு கத்தினார். நாங்க எல்லாரும் றோட்டுக்கு ஓடினம், கந்தோர்ப் பெரியவர் செருப்பும் இல்லாம முன்னுக்கு. கடைசியில பியோன்தான் கிட்டப் போய் மணந்து பாத்துட்டு, மண்ணெண்ணெய், வாங்க எண்டு கூப்பிட்டவர்.

உதயரூபன்: அப்ப... வந்து இருந்த நேரத்தில இருந்து எல்லாம் தெரிஞ்சுகொண்டுதான் கேட்ட?

கலாஜினி: உங்கட வாயால வருமா எண்டு பாத்தன்.

வதனி: கழுவக் குடுத்த எண்ட கதையையும் பேசாம இருந்து கேட்டீங்களே மிஸ்.

உதயரூபன்: சரி. பொய் சொன்னது என்ட பிழை. அனுமதிய வெட்டுறதெண்டா வெட்டுங்க, வள்ளத்தையும் எண்ணெயையும் தாங்க. அது சங்கத்துச் சொத்து. இண்டைக்கே காக்காவோட வந்து இழுத்துக்கொண்டு போறன்.

கலாஜினி: ஆர் வெட்டுற எண்டு சொன்ன? நீட்டச் சொல்லித்தான் எழுதப் போறன்.

உதயரூபன்: நீட்டவா?

கலாஜினி: ஓம். இவ்வளவு வெள்ளத்திலயும் ஒழுகல்லையே. ஆனா வள்ளம் இண்டைக்குத் தர ஏலா.

உதயரூபன்: நாளைக்கு வாறன்.

கலாஜினி: நாளைக்கும் ஏலா. வெள்ளிக்கிழமை கழியட்டும்.

வதனி: வெள்ளிக்கிழமை என்ன மிஸ்?

கலாஜினி: கொழும்பில இருந்து ஆக்கள் வாறாங்க. எங்கட கந்தோரில ஜெனரேட்டருக்கு டீசல் எப்படி வெச்சிருக்கிறம் எண்டு பாக்க.

உதயரூபன்: அதுக்கு என்ன. உங்கட சீமெந்துக் கட்டு இருக்குத்தானே. இப்படித்தான் கட்டணும் எண்டு சேர் எனக்குப் படமும் காட்டினவர்.

கலாஜினி: அந்தக் கட்டு இந்த வெள்ளத்தில வெடிச்சு, ஒரு பீப்பா டீசல் வாவிக்குப் போயிட்டு அண்ணன். மிஞ்சின பீப்பா எல்லாத்தையும் உங்கட வள்ளத்துக்குள்ளதான் ஏத்தி வெச்சிருக்கிறம்.