பவுனு என்ற மட்டக்குதிரையைக் கொண்டுபோனது குறித்து

அறந்தாங்கி வட்டம், புளியங்கரை கிராமம், மேலத்தெருவில் குடியிருக்கும் தங்கமுத்து மகன் செந்தமிழன், வயது 36, ஆகிய நான், 09.06.2025 அன்று காலை 11 மணிக்குக் காவல் நிலையத்தில் ஆஜராகி, ஆய்வாளர் கேட்டதன் பேரில் சொல்வது:

நான் எட்டாம் வகுப்பு வரை படித்திருக்கிறேன். மனைவி பெயர் சொர்ணவல்லி. பந்தயக் குதிரை வண்டிகளுக்குச் சாரதியாக இருக்கிறேன். திருமயம் அருகே பூர்வீக வீடும் சென்னையில் தொழிலும் உள்ள ராம்நாத் என்பவருக்குச் சொந்தமான, பவுனு என்று பெயரிட்ட, தவிட்டு நிறப் பெண் மட்டக்குதிரையை, அவருடைய தோப்பில் வைத்து ஆறு வருடங்களாகப் பராமரித்துப் பந்தயங்களில் ஓட்டி வந்தேன். குதிரை என்னுடையது அல்ல. அது எனக்குத் தெரியும்.

கடந்த 16.02.2025 ஞாயிற்றுக்கிழமை காலை சுமார் 7 மணிக்கு, கோயில் திருவிழாவை முன்னிட்டு, கோட்டைப்பட்டினம் செல்லும் சாலையில் நடந்த பந்தயத்தில் பவுனுவை ஓட்டினேன். பாதித் தூரத்து எல்லையில், வந்துபோனதற்கு அடையாளமான கொடியை வாங்கிக்கொண்டு திரும்பும்போது வலது சக்கரம் சாலையோர ஜல்லியில் இறங்கி, பவுனுவின் பின்னங்கால் இரண்டும் அகன்று, அது இடது பக்கமாக விழுந்தது. வண்டி சாயவில்லை. இரண்டாவதாக வந்த வண்டி என்னைத் தாண்டிப் போனது. அதன் பிறகு நான் சவுக்கால் மூன்று அடி அடித்தேன். மூன்றாவது அடிக்குப் பவுனு எழுந்து, இரண்டு கரண்டு கம்பம் தூரம் வண்டியை இழுத்துக்கொண்டு ஓடி, அதன் பிறகு தானாக நின்றது. இறங்கிப் பார்த்தபோது இடது பின்னங்கால் வலது காலைவிடக் குட்டையாகத் தெரிந்தது. குளம்பு வெளிப்பக்கம் திரும்பியிருந்தது. குதிரை சத்தம் போடவில்லை.

பந்தயத்துக்கு வந்திருந்த ராம்நாத் காரில் வந்து பார்த்தார். உள்ளூர் கால்நடை மருத்துவர் வந்து வலிக்கு ஊசி போட்டு, இடுப்பு மூட்டு கழன்றிருக்கிறது, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்று சொன்னார். அதற்கு ராம்நாத், "இனிமே இது எதுக்கு ஆகப்போகுது. நாளைக்கு வந்து ஊசி போட்டு முடிச்சிருங்க. செந்தமிழா, நீ தோப்புலேயே குழி வெட்டி வச்சிரு" என்று சொல்லிவிட்டுச் சென்னைக்குக் கிளம்பிவிட்டார். நான் சரிங்க முதலாளி என்று சொன்னேன். பவுனுவை வண்டியில் ஏற்றித் தோப்புக்குக் கொண்டுவந்துவிட்டு, அன்று மாலைக்குள் குழி வெட்டி முடித்தேன்.

மறுநாள் 17.02.2025 காலை 6 மணிக்கு, ஜெகதாப்பட்டினத்தில் மீன் பெட்டி ஏற்றும் லோடு வண்டி வைத்திருக்கும் என் சிநேகிதர் அருள்தாஸுக்குப் போன் செய்தேன். அவர் வண்டியில் இருந்த ஐஸைத் தள்ளிவிட்டு வைக்கோல் பரப்பிக் கொண்டுவந்தார். குதிரை யாருடையது என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அவருக்கு இதில் சம்பந்தம் கிடையாது. பலகை வைத்து பவுனுவை ஏற்றி, பக்கத்து மாவட்டத்தில் உள்ள கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

அங்கே சுகுணா என்ற டாக்டர் பார்த்தார். உரிமையாளர் யார் என்று கேட்டதற்கு நான்தான் என்று சொன்னேன். மயக்க மருந்து கொடுக்கச் சம்மதம் என்ற படிவத்தில், உரிமையாளர் என்று போட்டிருந்த இடத்தில் என் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ராம்நாத்தின் கையெழுத்தை நான் போடவில்லை. அதன் பிறகு மயக்கம் கொடுத்து எக்ஸ்ரே படம் எடுத்துவிட்டு, காலில் கயிறு கட்டி என்னோடு சேர்த்து நான்கு பேர் இழுக்க, டாக்டர் இரண்டு கையாலும் இடுப்பை அழுத்தினார். மூட்டு உள்ளே விழுந்த சத்தம் எனக்கும் கேட்டது. மாலை 4 மணிக்குப் பவுனு எழுந்து நின்று இரண்டு எட்டு வைத்தது. மறுபடியும் கழன்றுவிட்டது.

இதற்கிடையில் பகலில் ராம்நாத் போன் செய்து கேட்டதற்கு, ஊசி போட உள்ளூர் மருத்துவர் வருவதற்கு முன்பே குதிரை செத்துவிட்டது, புதைத்துவிட்டேன் என்று சொன்னேன். அந்த மருத்துவரிடமும் காலையிலேயே போனில் அப்படித்தான் சொல்லியிருந்தேன். சரி என்று வைத்துவிட்டார். வெட்டிய குழியை மண் போட்டு மூடும்படி என் மனைவியிடம் சொன்னேன். அவள் மூடினாள்.

18-ஆம் தேதி டாக்டர் என்னைக் கூப்பிட்டு, "கிண்ணத்துல பந்து நிக்க மாட்டேங்குதுங்க. பந்தையே அறுத்து எடுத்துர்றேன். அந்த எடத்துல சதை கட்டிக்கும். நடக்கும், மேயும். ஓடாது" என்று சொன்னார். ஓட வேண்டாம் என்று நான் சொன்னேன்.

19-ஆம் தேதி காலை 9 மணிக்கு ஆபரேஷன் தொடங்கி 11.40-க்கு முடிந்தது. அதன் பிறகு மெத்தை போட்ட அறையில் பவுனுவைப் படுக்கவைத்து, மயக்கம் முழுதாகத் தெளியும் முன்பு எழுந்தால் மற்ற காலும் ஒடிந்துவிடும் என்பதால் கழுத்தைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள். ஒரு மணி நேரம் அதன் கழுத்தின் மேல் படுத்திருந்தேன். பவுனுவின் கண் திறந்திருந்தது. அது என்னைத்தான் பார்த்ததா என்று எனக்குத் தெரியாது.

எடுத்த எலும்பை டாக்டர் ஒரு தட்டில் வைத்துக் காட்டினார். நாட்டு எலுமிச்சை அளவு இருந்தது. ஒரு பக்கம் வழுவழுப்பாகவும் மறுபக்கம் தேய்ந்து சொரசொரப்பாகவும் இருந்தது. "கழண்டதுக்கு அப்பறம் ஓடுச்சா?" என்று டாக்டர் கேட்டார். இல்லை, விழுந்த இடத்திலேயே நின்றுவிட்டது என்று நான் சொன்னேன்.

ஆபரேஷனுக்குப் பிறகு அங்கே 23 நாள் வைத்திருந்து, 14.03.2025 அன்று என் வீட்டு மாட்டுக் கொட்டிலுக்குக் கொண்டுவந்தேன். தினமும் பத்து நிமிடம் நடக்கவைக்கச் சொன்னார்கள். நான் வேலைக்குப் போகும் நாட்களில் என் மனைவி நடக்கவைத்தாள். பவுனு நொண்டி நடக்கிறது.

கடந்த 01.06.2025 அன்று யாரோ செல்போனில் எடுத்த வீடியோவைப் பார்த்துவிட்டு, ராம்நாத் என் வீட்டுக்கு வந்தார். பொய் சொன்னதற்காக அவர் என்னைத் திட்டவில்லை. குதிரையைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "பரவாயில்லையே. நல்ல ரத்தம்ப்பா, ஓடாட்டி போகுது, ரெண்டு குட்டி போடட்டும். வண்டி அனுப்புறேன்" என்று சொன்னார். நான் முடியாது என்று சொன்னேன். அதன் பிறகுதான் அவர் புகார் கொடுத்திருக்கிறார். புகாரில் உள்ளது உண்மை.

மறுநாள் 02.06.2025 அன்று நான் டாக்டர் சுகுணாவிடம் போய், குதிரை என்னுடையது இல்லை என்றும், மூட்டு கழன்ற பிறகு அதை அடித்து ஓட்டியது நான்தான் என்றும் சொன்னேன். அதற்கு அவர், "மொதல்ல உள்ள வச்சது நிக்காமப் போனதுக்கு என் கையில என்ன தப்புன்னு மூணு மாசத்துக்கு மேலா யோசிச்சுக்கிட்டு இருந்தேங்க" என்று சொன்னார். குட்டி போடவைக்கலாமா என்று கேட்டேன். கூடாது, சினையின் கனத்தை அந்த இடுப்பு தாங்காது, தாயும் போகும் குட்டியும் போகும் என்று சொல்லி, லெட்டர்பேடில் எழுதிக் கொடுத்தார். அந்தக் கடிதத்தை இத்துடன் கொடுத்திருக்கிறேன்.

திருட்டைப் பற்றி மட்டும் சொன்னால் போதும், சவுக்கால் அடித்தது வழக்கில் இல்லை என்று ஆய்வாளர் சொன்னார். அதையும் எழுதும்படி நான்தான் கேட்டுக்கொண்டேன்.

குதிரையை, டாக்டரின் கடிதத்தோடு, ராம்நாத்திடம் ஒப்படைக்கச் சம்மதிக்கிறேன். அவரிடம் சொல்ல வேண்டியவை: சிமெண்டுத் தரையில் கட்டக் கூடாது, மணல் வேண்டும். இடது பக்கம் திரும்பச் சொன்னால் நின்றுவிடும், அது முரண்டு இல்லை. படுத்தால் எழுந்திருக்க நேரமாகும், தூக்கிவிட வேண்டாம், பக்கத்தில் ஆள் நின்றால் போதும், தானாக எழுந்துகொள்ளும்.

இதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது. இதில் பொய் எதுவும் இல்லை. யாரும் என்னை மிரட்டவில்லை.

(ஒப்பம்)
த. செந்தமிழன்