பேர் சொல்லாமல் கட்டிய தொட்டில்

மூதூருக்குப் போகும் காலை லாஞ்சிப் படகில் எனக்கு முன் வாங்குப் பலகையில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். அலையே இல்லை, கரைதான் எங்களை விட்டு மெல்ல விலகுவதுபோல் இருந்தது.

“அந்தக் கோயில் மரம் ஆளை மாத்திப்போடுமோ எண்டு பயமாக் கிடக்கு, தங்கச்சி,” என்றார் மூத்தவர். “செத்தவீட்டுத் துடக்கு, உனக்குக் கோயிலுக்கு வர ஏலாது எண்டுதானே, பிள்ளைவரம் கேட்டு உனக்காக நான் தொட்டில் கட்டினனான்? கட்டேக்க உன்ர பேரைச் சொல்ல மறந்துபோனன்.”

இளையவள் சிரித்தாள். “உங்களுக்கு ஏற்கெனவே அஞ்சு. ஆறாவதையும் உங்களுக்கே தந்திட்டால்?”

“ஐயோ! தந்தால் உன்ர மடியில போட்டிட்டுத் திரும்பிப் பாராமல் போவன்.”

இருவரும் சிரித்தார்கள். கோயில் மலை பின்னால் மங்கிக்கொண்டு போனது.

மூதூர் இறங்குதுறை தெரிந்தபோது, தண்ணீரைப் பார்த்தபடியே இளையவள் கேட்டாள்.

“உண்மையாவே என்ர மடியில போடுவியளோ, அக்கா?”