இசக்கி அக்கா விற்று வாங்கிய நாற்காலி

மேடையில் அமர்ந்திருக்கும் சங்கத் தலைவர் வானமாமலை அண்ணாச்சி அவர்களே, செயலாளர் பேச்சிராஜா அண்ணன் அவர்களே, வேலையைப் போட்டுவிட்டுத் துக்கத்துக்கு வந்திருக்கும் தாராவித் தமிழ்ப் பெருமக்களே, சயானிலிருந்து தாணே வரை ரயிலில் லேடீஸ் டப்பாவில் என்னோடு கூவி விற்கும் தோழிகளே, உங்கள் எல்லோருக்கும் பிரேமலதாவின் வணக்கம்.

அந்த மைக்கைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள் தம்பி. ஓடுகிற ரயிலில் கூவிப் பழகிய தொண்டை இது, கடைசி வரிசைக்கும் கேட்கும். அழாமல் பேசிவிடுவேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். பார்ப்போம்.

யார் இந்த இசக்கி? வாசலில் ஒட்டியிருக்கிற நோட்டீஸில் "சமூக சேவகி, கருணையின் வடிவம், இசக்கி அம்மாள்" என்று போட்டிருக்கிறீர்கள். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது! ஆனால் போன வாரம் வரை இந்தச் சங்கத்தில் அவருக்கு என்ன பெயர்? "கிளிப்புக்காரி." கூட்டத்தில் எழுந்து ஏதாவது கேட்டால், "கிளிப்புக்காரி ஆரம்பிச்சிட்டாய்யா" என்று முதல் வரிசையில் சிரிப்பார்கள். சிரித்தவர்கள் இன்றும் முதல் வரிசையில்தான் இருக்கிறீர்கள். இருக்கட்டும், வந்தீர்களே, நன்றி.

அக்கா கருணையின் வடிவம் எல்லாம் இல்லை. வாய் அதிகம். டப்பாவில் மூன்று பேர் இருக்கிற பெஞ்சில் நான்காவது சீட்டுக்கு யாரோடும் மல்லுக்கு நிற்பார். தலைக் கிளிப்பும் ஸ்டிக்கர் பொட்டும் விற்றுப் பிழைத்தவர். எனக்கு விற்கச் சொல்லிக் கொடுத்ததைவிடத் திட்டியதுதான் அதிகம். ஆனாலும் அக்கா ஒரு காரியத்தைத் தொட்டால் விடமாட்டார். அப்படித் தொட்ட கடைசிக் காரியம் அஸ்ரினுடைய காரியம்.

நம் சந்தில் தோல் பட்டறை வைத்திருக்கும் ஜமால் பாயின் இளைய மகள் அஸ்ரின். பத்தாவது படிக்கிறாள். அதோ, தூணோரம் வாப்பாவுடன் உட்கார்ந்திருக்கிறாளே, அவள்தான். நம் சந்துக்குள் ஆம்புலன்ஸ் வராது. மேல் வீட்டிலிருந்து நோயாளியை இறக்க வேண்டுமென்றால் செங்குத்தான இரும்பு ஏணி. அஸ்ரினுடைய அக்கா சாயிராவுக்குப் பிரசவ வலி வந்தபோது எப்படிக் கொண்டு போனோம்? பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கினோம். மெயின் ரோட்டுக்குப் போகும் முன்பே நாற்காலியின் கால் முறிந்தது. பிள்ளை பிழைத்துக்கொண்டது. சாயிராவுக்கு இடுப்பு இன்றும் சரியாகவில்லை.

பள்ளிக்கூடத்தில் சமூக சேவை புராஜெக்ட் செய்யச் சொன்னார்கள். மற்ற பிள்ளைகள் சுத்தம் பற்றிப் படம் வரைந்தார்கள். இந்தப் பெண் மட்டும், ஏணியில் நோயாளியை இறக்குவதற்கென்றே ஒரு நாற்காலி இருக்கிறது, பெல்ட் இருக்கும், நான்கு பேர் பிடிக்கக் கைப்பிடி இருக்கும், அதை நம் சந்துக்கு வாங்கி வைக்கப்போகிறேன் என்றாள். வாப்பாவின் பட்டறையில் விழும் தோல் துண்டுகளைப் பொறுக்கி, மீன் வடிவத்தில் குட்டிச் சில்லறைப் பர்ஸ்கள் தைத்தாள். மாட்டுங்காவில் ஒரு கண்காட்சியில் மேஜை போட்டாள். வந்தவர்கள் "ஸோ க்யூட்" என்றார்கள், பர்ஸைக் கையில் பிடித்து போட்டோ எடுத்தார்கள், வைத்துவிட்டுப் போனார்கள். மாலையில் அந்தப் பிள்ளை மூட்டையைச் சுமந்துகொண்டு ரயிலில் அழுதபடி வந்தது. எங்கள் டப்பாவில்!

அக்கா கேட்டார், "ஏட்டி, எதுக்கு அழுத? சாமான் விக்கலன்னா டப்பாவ மாத்தணும், மூஞ்சிய மாத்தக் கூடாது. கொண்டா இங்க."

மறுநாளிலிருந்து அக்காவின் ஒரு தோளில் கிளிப், மறு தோளில் மீன். "தேகோ தீதி, அஸ்லி லெதர்! பட்டன் கீச்கே தேகோ!" அசல் தோல், பட்டனை இழுத்துப் பார் என்று இந்தியில் கூவுவார். சேவை, நன்கொடை என்று எதையும் சொல்லமாட்டார். "சேவைன்னு சொன்னா எல்லாவளும் சன்னல் பக்கம் திரும்பிக்கிடுவாளுவ. பர்ஸுன்னு சொல்லு, பையைத் திறப்பாளுவ" என்பார். பட்டன் கையோடு வந்துவிட்டால் அன்று இரவே ஜமால் பாய் வீட்டு வாசலில் நின்று சண்டை போடுவார். அஸ்ரின் பதிலுக்குச் சண்டை போடுவாள். மழைக்காலம் முழுக்க அந்த வாசலில் இதே கச்சேரிதான்.

குர்லாவில் எங்கள் சாமானைப் பிடுங்க ரயில்வே போலீஸ் ஏறிய அன்று நான் பக்கத்தில் நின்றேன். அக்கா என்ன செய்தார் தெரியுமா? தன் கிளிப் மூட்டையைத் தானே நீட்டினார். மீன் மூட்டையைச் சேலைக்குள் சொருகிக்கொண்டு, வயிற்றுப் பிள்ளைக்காரி மாதிரி மெதுவாக இறங்கி நடந்தார். அந்த வயதில்! தன் பிழைப்பைக் கொடுத்துவிட்டு அந்தப் பிள்ளையின் பர்ஸைக் காப்பாற்றினார். "ஏன்க்கா இப்படி?" என்றேன். "எஞ்சாமான நாளைக்கி மசூதி பந்தர் மொத்தக் கடைல வாங்கிக்கிடுவேன். இது வாங்குத எடத்துல கெடைக்குமாட்டி?" என்றார்.

அப்படி விற்று வந்த நாற்காலி அது. நீங்கள் யாரும் கொடுத்ததல்ல. வந்த அன்று அக்காவுக்கு இருந்த சந்தோஷத்தை நான் எப்படிச் சொல்ல? "இந்தச் சந்துலேயே கனத்த ஆளு நாந்தான். என்னைத் தூக்கி எறக்கிப் பாருங்க. என்னைத் தூக்கிட்டீங்கன்னா எல்லாத்தையும் தூக்கிரலாம்" என்று சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தயாராக நின்றார்.

உட்கார விட்டோமா? "திறப்பு விழாவுக்கு முன்னால யாரும் உக்காரக் கூடாதும்மா, கவர் கசங்கிரும்" என்று சங்கம் சொன்னது. பெரிய மனிதர் ஒருவரை அழைத்து ரிப்பன் வெட்டலாம் என்றார்கள். சந்துக்குப் பொதுச் சாமான் என்று அதுவரை சங்க அறையில் வைத்துப் பூட்டினார்கள். பெரிய மனிதருக்கு ஒரு ஞாயிறு கல்யாணம், ஒரு ஞாயிறு டெல்லி. தேதி தள்ளிக்கொண்டே போனது. அக்கா ஒவ்வொரு கூட்டத்திலும் எழுந்து, "நாக்காலிய வெளிய வைங்கய்யா. நோக்காடு தேதி கேட்டா வருது?" என்றார். நாம் என்ன செய்தோம்? கிளிப்புக்காரி ஆரம்பித்துவிட்டாள் என்று சிரித்தோம்.

பெருமக்களே, போன வெள்ளிக்கிழமை மத்தியானம் நடந்ததை நான் சொல்லித்தான் ஆக வேண்டும். அக்கா மேல் வீட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். நான் அவர் முதுகைத் தாங்கிக்கொண்டு இருந்தேன். அஸ்ரின் சங்க அறைக்கு ஓடினாள். அறை பூட்டியிருந்தது. சாவி வைத்திருந்த பேச்சிராஜா அண்ணன் தாதருக்குப் போயிருந்தார். எதற்கு? அந்த விழாவுக்கு பேனர் அடிக்க!

நம் சந்துப் பையன் ராஜபாண்டி கடப்பாரையை எடுத்தான். எடுத்தவன் கையைப் பத்துப் பேர் பிடித்தீர்கள். "சங்கத்துப் பூட்டுடே, ஒடைக்கக் கூடாது. இந்தா வந்துருவாரு." அஸ்ரின் எத்தனை பேர் காலில் விழுந்தாள் என்று அவளிடம் கேட்காதீர்கள், உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு பூட்டு! தாதரிலிருந்து வருகிறவருக்காக ஒரு பூட்டைச் சுற்றிக் கூட்டமாக நின்றோமே, நம்மைவிடப் பரிதாபமான ஜனங்கள் இந்த பம்பாயில் உண்டா?

மேலே எங்களால் தூக்க முடியவில்லை. பெல்ட் நாற்காலி இல்லாமல் அந்த ஏணியில் கனத்த ஆளைத் தூக்கி இறக்க வழியில்லை. அக்கா கடைசியில், "விடுங்கட்டி, நானே எறங்குதேன்" என்றார். இறங்கினார். நெஞ்சு வலியோடு, அந்தக் கனத்த உடம்போடு, கம்பியைப் பிடித்துக்கொண்டு தானே இறங்கினார். ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார், "சலாகே லாயே க்யா?" நடக்க வைத்தா கொண்டு வந்தீர்கள்? அக்காவின் உயிர் அதற்குள் போயிருந்தது.

இன்னொரு செய்தியும் உண்டு. அஸ்ரினுடைய புராஜெக்ட்டுக்குப் பள்ளிக்கூடத்தில் முதல் பரிசு. வாங்க அவள் போகவில்லை. தைத்து வைத்திருந்த மீன்களைச் சாக்கில் கட்டிக் குப்பையில் போட்டுவிட்டாள். "நாக்காலிய வித்துருங்க மாமி. இனிமே எனக்கு ஒண்ணும் வேண்டாம்" என்கிறாள். பதினைந்து வயதுப் பிள்ளையிடம் என்ன சொல்லித் தேற்ற? எனக்குத் தெரியவில்லை. தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் கூட்டம் முடிந்து அவளிடம் போய்ச் சொல்லுங்கள்.

இப்போது என் பக்கத்தில் பாருங்கள். அக்காவின் படத்துக்கு மாலை போட்டு எதன் மேல் வைத்திருக்கிறீர்கள்? பார்க்க லட்சணமாக இருக்கிறதென்று அந்த நாற்காலியின் மேலேயே வைத்திருக்கிறீர்கள். பிளாஸ்டிக் கவர்கூடப் பிரிக்கவில்லை. உட்காரக் கூடாது என்று சொன்ன நாற்காலியில் இன்று அவரை உட்காரவைத்துவிட்டோம்.

மேடை ஏறும் முன் தலைவரிடம் கேட்டேன். "அண்ணாச்சி, படத்தை ஒரு ஸ்டூலில் வைத்துவிட்டு நாற்காலியை இன்றே சந்து முனையில் வைப்போம், ஏணியடியில் எல்லோர் கைக்கும் எட்டும்படி இருக்கட்டும்" என்றேன். அண்ணாச்சி கெட்டவர் அல்ல. கண் கலங்கிவிட்டார். கலங்கிக்கொண்டே சொன்னார், "மால போட்ட படத்தப் பதினாறு கழியாம அசைக்கக் கூடாதும்மா. கழியட்டும். இசக்கி பேரையே எழுதி, பெரிய ஆளக் கூப்பிட்டுத் தெறந்துருவோம்." பெரியவர்கள் எல்லோரும் அது சரி என்றார்கள். அக்காவின் சொந்த அண்ணன் மகனும் சரி என்றான். இதற்கு மேல் நான் யாரிடம் போய்க் கேட்க?

"அன்னார் விட்டுச் சென்ற பணியைத் தொடர உறுதி ஏற்கிறோம்" என்று என்னை வாசிக்கச் சொல்லித் தாள் கொடுத்திருக்கிறார்கள். எல்லோரும் எழுந்து நின்று சொல்வீர்கள், எனக்குத் தெரியும். நாம் நன்றாகச் சொல்லக்கூடியவர்கள். இந்தத் தாளை மேஜையில் வைக்கிறேன், வேறு யாராவது வாசியுங்கள். அந்தச் சொல்லை வாயால் சொல்ல எனக்கு நம்பிக்கை இல்லை.

எனக்குத் தெரிந்த ஒன்றை மட்டும் சொல்லிவிட்டு இறங்குகிறேன். அக்காவின் பதினாறாம் நாள் வரை இந்தச் சந்தில் யாரும் நோயில் விழுந்துவிடாதீர்கள். மேல் வீட்டில் இருக்கும் வயதானவர்களே, மாசமாக இருக்கும் பெண்களே, உங்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். விழுந்தால், நீங்களேதான் இறங்க வேண்டும்.